மணிவிழா மலரின் முப்பத்தோராம் பக்கம்

முள்ளிப்பட்டில் சக்கரவர்த்தியின் வீட்டுக்குப் பவித்ரா லேப்டாப்போடு போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி. பட்டுத்தறி முதலாளிக்கு அறுபது முடிகிறது. அறுபது முடிந்தால் மற்றவர்கள் அறுபதாங்கல்யாணம் செய்துகொள்வார்கள். சக்கரவர்த்தி தன்னைப் பற்றி ஒரு புத்தகமும் போட்டுக்கொண்டார். ஏழு பிரமுகர்கள், ஏழு புகழுரைகள், ஏழு வேர்டு ஃபைல்கள். ஏழையும் எழுதியது அவருடைய அண்ணன் மகன் கோகுல்ராஜ்தான் என்பது ஊருக்கே தெரியும். பிரமுகர்கள் போட்டோ மட்டும் கொடுத்திருந்தார்கள்.

ஏழையும் ஒரே ஃபைலாகச் சேர்த்து மாலை ஐந்துக்குள் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். மாட்டேன் என்று சொல்லும் வசதி பவித்ராவுக்கு இல்லை. ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் பத்து வருஷமாக அவள் நடத்தும் டிடிபி கடை, சக்கரவர்த்தியின் கட்டடத்தில் இருந்தது.

"ஃபைலு வூட்ட வுட்டு வெளிய போகக் கூடாது. எவனாவது உள்ள எதையாவது சொருவிடுவான்," என்றார் அவர். "ஒரு எழுத்து தப்பா வந்துச்சு, உன் கடைச் சாவி என் டேபிளுக்கு வந்துடணும். இன்னா?"

"சரிங்க."

தன் பெருமையில் யாராவது கலப்படம் செய்துவிடுவார்கள் என்று பயப்படும் மனிதரை அவள் அன்றுதான் பார்த்தாள்.

பின்கட்டு அறையைத் திறந்துவிட்டார்கள். மற்ற அறைகளில் தறி ஓடிக்கொண்டிருந்தது. இதில் மட்டும், நெசவாளி காலிறக்கி உட்காரும் தறிக்குழியைப் பலகையால் மூடி, மேலே மேஜை போட்டிருந்தார்கள். வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த அறை என்றார்கள். ஆனால் அப்போதுதான் அணைத்த அடுப்பின் சாம்பல் வாடை அடித்தது.

முதல் ஃபைலின் கடைசியில் கர்சரை வைத்து இரண்டாவதைச் சேர்த்தாள். இரண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு வரி நின்றது.

கதவைத் திறங்க.

கோகுல்ராஜ் தூங்கி வழிந்துகொண்டே அடித்திருப்பான். அழித்தாள். மூன்றாவதைச் சேர்த்தாள்.

காய்ச்சல் கொதிக்குதுங்க. கதவைத் திறங்க.

ஃபைல்களைத் தனித்தனியாகத் திறந்து பார்த்தாள். எதிலும் அந்த வரிகள் இல்லை. சேர்த்தால் வந்தன. அதுவும் சேரும் இடத்தில் மட்டும்.

தறியில் நீளவாக்கில் கட்டிய ஒரு பாவு தீர்ந்ததும், அதன் ஒவ்வொரு இழையின் முனையிலும் புதுப் பாவின் இழையை முறுக்கிப் பிணைப்பார்கள். நாலாயிரம் இழைக்கு நாலாயிரம் முறுக்கு. பட்டு வழுக்கும் என்பதால் விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். ஆரணியில் வளர்ந்த யாருக்கும் அது தெரியும்.

நாலாவது ஃபைல்.

இன்னும் ஆயிரம் இழை இருக்குது. தண்ணியாவது குடுங்க.

டச்பேடில் விரல் நகரவில்லை. குனிந்து பார்த்தாள்.

சாம்பல்.

கோகுல்ராஜைக் கூப்பிட்டாள். டீ கிளாஸோடு வந்தான்.

"இன்னாண்ணா இது வெளாட்டு? என் பொழப்ப கெடுக்கப் பாக்கறீங்களா?"

அவன் திரையைப் படித்தான். டீ சட்டையில் கொட்டியது அவனுக்குத் தெரியவில்லை.

"யாரு சொன்னா உனுக்கு?"

"உங்க ஃபைலு. என்னக் கேட்டா?"

"நெசத்த சொல்லு. யாரு அனுப்ச்சா உன்ன?"

ஒரே வீட்டில் மாட்டிக்கொண்ட இரண்டு திருடர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன்தான் முதலில் தலையைக் குனிந்தான்.

"அம்மணின்னு ஒருத்தங்க," என்று கிசுகிசுத்தான். "பாவு பிணைக்க வந்தவங்க. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. ஜொரத்தோட வந்தாங்க. பெரிய எடத்துக் கல்யாணப் பொடவ, ஜல்தியா முடியணும்னு சித்தப்பா வெளிய பூட்டிட்டாரு. சாவி என்கிட்ட. தொறக்காதடான்னாரு."

"தொறந்தீங்களா?"

"காலைல."

"அவங்க?"

"பாவு முடிஞ்சிருந்துச்சு," என்றான். "கடைசி இழ வரைக்கும். அவங்க வூட்ல செத்தாங்கன்னு சொல்லிட்டோம்."

அதற்குமேல் அவன் அந்த அறையில் நிற்கவில்லை.

ஐந்து, ஆறிலும் அதே கெஞ்சல்தான். கடைசி ஃபைலைச் சேர்த்தாள். முப்பத்தோராம் பக்கம். 'இவரது தறிக்கூடத்தில் நாற்பது ஆண்டுகளாக எந்தத் தொழிலாளிக்கும் எந்தக் குறையும் வந்ததில்லை' என்று ஒரு பிரமுகரின் போட்டோ சொன்னது. அதற்குக் கீழே,

முடிச்சிட்டேங்க. கதவைத் திறங்க.

"இன்னும் இன்னா பண்ணிகினு கீறே?" வெளியிலிருந்து சக்கரவர்த்தியின் குரல்.

பையில் கைவிட்டுக் கடைச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். அந்த வரிகளை அப்படியே விட்டுவிடலாம். விட்டால் இந்தச் சாவி போகும்.

எல்லாவற்றையும் அழித்தாள். மூன்று முறை சரிபார்த்தாள். சுத்தமாக இருந்தது. அனுப்பினாள்.

பலகைக்குக் கீழே, தறி இல்லாத குழியில், மிதிகட்டை ஒரு தரம் அழுந்தியது.

மறுவாரம் கல்யாண மண்டபம். மலரை வாசிக்க வேறு யாருக்கும் போதுமான குரல்வளம் இல்லை என்று சக்கரவர்த்தி தானே மேடையில் நின்று தன்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார். "எந்தக் குறையும் வந்ததில்லை!" என்று முழங்கிவிட்டு நிறுத்தினார். கைதட்டலுக்காக நிறுத்தினார் என்று கைதட்டினார்கள்.

"கதவைத் திறங்க," என்றார்.

அவர் குரல்தான். ஆனால் தொண்டை வறண்டு, கெஞ்சியது.

யாரோ ஓடினார்கள். மண்டபத்தின் நாலு கதவும் ஏற்கனவே திறந்துதான் கிடந்தன.

"கதவைத் திறங்க."

பவித்ரா தன் பிரதியில் முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்தாள். அப்படி ஒரு வரியே இல்லை.

இரண்டு நாள் கழித்து சக்கரவர்த்தி பவித்ராவுக்கு ஆள் அனுப்பினார். அவர் வீட்டில் எல்லாக் கதவுகளையும் விரியத் திறந்து, சாத்திக்கொள்ளாமல் செங்கல் வைத்திருந்தார்கள். முதலாளி திடீரென்று பக்திமான் ஆகிவிட்டார், விரலிலேயே விபூதியை வைத்துக்கொண்டு திரிகிறார் என்று வேலைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். மேடையில் நடந்ததற்குப் பழி தன்மேல்தான் என்று, கேட்பதற்கு முன்பே பவித்ரா கடைச் சாவியை மேஜையில் வைத்தாள்.

"எட்த்துகினு போமா," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "எனுக்கு எந்தச் சாவியும் வாணாம்."

கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதை எடுத்து, இழையை முறுக்குவதுபோல் ஒரு தரம் முறுக்கி, அவள் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு விரலிலும் சாம்பல்.

கடை பிழைத்தது. தெருவுக்கு வந்து மூச்சுவிட்டு, கையை விரித்துப் பார்த்தாள். அவர் விரல்கள் சில்லென்றுதான் இருந்தன.

சாவி கொதித்தது, ஜொரக்காரியின் கையைப் பிடித்ததுபோல.