பழிதாங்கி

காலையிலிருந்து பொம்மைகளைத் திட்டித் திட்டி என் தொண்டை கட்டிவிட்டது. சாதம் சிந்தியதற்கு ஒரு திட்டு, க்ரேயானை ஒடித்ததற்கு ஒரு திட்டு. திட்டு வாங்கிய பொம்மை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் போய் நிற்கும். சிந்திய குழந்தை அடுத்த விளையாட்டுக்கு ஓடிவிடும். எல்கேஜியில் எங்கள் ஒழுக்கப் பாடம் இவ்வளவுதான்.

ஆறு வயதுவரை எந்தக் குழந்தை மீதும் பழி சொல்லக்கூடாது என்பது சட்டம். பிஞ்சு மனம் வாடிவிடுமாம்! அதனால் ஆளுக்கொரு இயந்திரப் பொம்மை, பெயர் பழிதாங்கி. செய்வது குழந்தை, மன்னிப்புக் கேட்பது அது. பொம்மையை நிறுத்திவிட்டு நடுவில் புகும் ஆசிரியைக்கு வேலை போய்விடும். நான் ஓய்வு பெற ஒரு வருடம்தான் பாக்கி. வாயை மூடிக்கொண்டு ஓட்டிவிடலாம் என்றிருந்தேன்.

மதியம் துவாரகா, சாதனாவின் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்து சிவந்திருந்தது.

“மன்னித்துவிடு, தோழி,” என்றது துவாரகாவின் பொம்மை, தேன் குழைத்த குரலில்.

சாதனா அதன் பக்கம் திரும்பவே இல்லை. “அது என்னைக் கடிக்கல மிஸ். அது எதுக்கு சாரி சொல்லுது?” என்று தேம்பினாள்.

துவாரகா வழக்கம்போல ஓடவில்லை. விரலைச் சப்பிக்கொண்டு அங்கேயே நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பொம்மை மறுபடி, “மன்னித்துவிடு, தோழி,” என்றது. சீ, போதும் என்றாகிவிட்டது எனக்கு. அதன் முதுகிலிருந்த பொத்தானை அமுக்கி அணைத்தேன்.

“நான்தான் கடிச்சேன்,” என்றாள் துவாரகா. “வலிக்குதா?”

சாதனா ஆமென்று தலையாட்டினாள். துவாரகா கடித்த இடத்தில் ஊதிவிட்டாள். பிறகு யாரும் சொல்லாமலே, பொம்மைகள் நிற்கும் மூலையில் போய் நின்றுகொண்டாள்.

சுவர் ஒலிபெருக்கியில் தலைமையாசிரியை பிரமிளாவின் குரல் வந்தது. “எஸ்தர் மிஸ், உங்க கிளாஸ்ல ஒரு பழிதாங்கி ஆஃப் ஆயிருக்கே. நீங்க அணைச்சிருக்க மாட்டீங்க. ரிப்பேர்னு போட்டுடட்டுமா?”

நல்ல மனுஷி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூலையிலிருந்து துவாரகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல மேடம். நான்தான் அணைச்சேன்.”

“என்ன மிஸ் இப்படிப் பண்ணிட்டீங்க! நாளைலேர்ந்து நீங்க வர முடியாதே.”

“தெரியும் மேடம்.”

துவாரகா சுவரோரமாக நகர்ந்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டாள்.

“வாங்க மிஸ்,” என்றாள். “இங்க நின்னுக்கலாம்.”