ஓட்டிப் பார்க்கப் போனவர்

மோட்டார் சைக்கிள் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது. வாமதேவன் தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். வாசற்படியில் நின்ற அவருடைய பத்து வயது மகள் சுபாங்கியும் தெருவையே பார்த்தாள்.

அடுத்த மாதம் அவர்கள் வீட்டுக்குப் புதுப் பாப்பா வருகிறது. மோட்டார் சைக்கிளை விற்றால்தான் பழைய கார் ஒன்று வாங்கலாம். தெருமுனைத் தமிழ்க் கடைக்காரர் ஓர் ஆளை அனுப்பிவைத்தார். வந்தவர் ஓட்டிப் பார்க்கக் கேட்டார். அப்பா சாவியைக் கொடுத்துவிட்டார்.

அம்மா கமலராணி வயிற்றைப் பிடித்தபடி மெல்லப் படியிறங்கி வந்தார்.

"ஆரப்பா அந்த ஆள்?"

"முள்ளியவளை. கோயிலடி. தாய்மாமன் வாத்தியாராம்."

"பேர்?"

அப்பா தலையைச் சொறிந்தார்.

"பேர்... கேக்கேல்லை. கடைக்காரருக்கும் தெரியாதாம்."

"ஊரைக் கேட்டீங்கள், கோயிலைக் கேட்டீங்கள், மாமன்ரை உத்தியோகத்தையும் கேட்டீங்கள். பேரைக் கேக்கேல்லையோ?"

வேறு நாளென்றால் சுபாங்கி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை. தூரத்தில் ஒரு சைரன் ஊளையிட்டது.

அப்பா கைபேசியை எடுத்தார். "பொலிசுக்குச் சொல்லத்தான் வேணும்."

சுபாங்கிக்கு இன்னும் பயமாகிவிட்டது. அந்த மாமாவுக்குப் பிரெஞ்சு சரியாக வராது. பொலிஸ் வழிமறித்தால் என்ன சொல்வார்? பிள்ளையாரே, அவர் கள்ளனாக இருக்கக் கூடாது!

"அப்பா, கொஞ்சம் பொறுங்கோ! அவர் தன்ரை அடையாள கார்ட்டை வைச்சிருங்கோ எண்டு நீட்டினவர் எல்லோ?"

"ஓம். ஊர்ப்பிள்ளையிட்டை கார்ட் வாங்குறது மரியாதை இல்லை எண்டு நான்தான் வேண்டாமெண்டனான்."

"கள்ளன் கார்ட் தருவானோ?"

அப்பா கைபேசியைத் தாழ்த்தினார். சுபாங்கி யோசித்தாள். சட்டென்று ஒன்று தோன்றியது.

"அப்பா, பெற்றோல் அடிச்சனீங்களோ?"

"விக்கப்போற வண்டிக்கு எதுக்கு..." அப்பா தலையில் கை வைத்தார். "ஐயோ! றிசேவ் திறப்பைப் பற்றி அவருக்குச் சொல்லேல்லையே!"

அந்தப் பழைய வண்டி பெற்றோல் குறைந்தால் நின்றுவிடும். தொட்டிக்குக் கீழே சின்னக் குழாய்த் திறப்பு ஒன்று உண்டு. அதைத் திருப்பினால், மிச்சம் வைத்த பெற்றோல் வரும். அப்பாவின் பின்னால் உட்கார்ந்து போகும்போது சுபாங்கி அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள்.

"ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையம் வரைக்கும் போய்த் திரும்பச் சொன்னனான்," என்றார் அப்பா.

அம்மா வாசலில் காவல் நின்றார். அப்பாவும் மகளும் மெத்ரோ பாலத்துக்குக் கீழே விரைந்து நடந்தார்கள். மேலே ரயில் தடதடத்தது. ஒவ்வொரு தூணாகக் கடந்தார்கள். எங்கும் இல்லை. சுபாங்கி அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். அந்தக் கையும் குளிர்ந்திருந்தது.

ஸ்டாலின்கிராட்டும் வந்துவிட்டது. அப்போது, ஒரு தூணுக்குப் பின்னால் இருந்து மோட்டார் சைக்கிளின் முன்சில்லு மெல்ல வெளியே வந்தது. பின்னால் வியர்த்து வழிந்தபடி அந்த மாமா தள்ளிக்கொண்டு வந்தார்.

அப்பாவைக் கண்டதும் அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணை, திரும்புற இடம் தெரியாமல் கனதூரம் போயிட்டன். பிறகு இது நிண்டு போச்சு. உங்கடை நம்பரும் இல்லை. பொலிசுக்குச் சொல்லிப்போட்டீங்களோ?"

அப்பா தலையைக் குனிந்தார்.

"சொல்லப் பாத்தனான். மகள் விடேல்லை."

அந்த மாமா சுபாங்கியைப் பார்த்தார். சட்டைக் கையால் வியர்வையைத் துடைத்தார். சுபாங்கி தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"குடியுங்கோ மாமா. உங்கடை பேர் என்ன?"

"மகேந்திரராசா," என்று சொல்லிவிட்டு, அவர் முழுவதையும் குடித்து முடித்தார்.

சுபாங்கி குனிந்து திறப்பைத் திருப்பினாள். அப்பா உதைத்தார். வண்டி உறுமியது.

"நல்ல வண்டி அண்ணை. நானே எடுக்கிறன்," என்றார் மகேந்திரராசா.

"அப்ப நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கோ. நாங்கள் நடந்து வாறம்."

"ஐயோ, இனித் தனியக் கொண்டுபோகமாட்டன்! நீங்கள் ஓடுங்கோ."

"நான் ஓடினால் உங்களை நம்பாத மாதிரி எல்லோ இருக்கும்?"

"பரவாயில்லை, நீங்களே..."

"இல்லை, நீங்கள்..."

கடைசியில் அப்பா எஞ்சினை நிறுத்தினார். ஓடக்கூடிய மோட்டார் சைக்கிளை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வீடு இருந்த லா ஷப்பல் வரை தள்ளிக்கொண்டே போனார்கள். சுபாங்கி மட்டும் அதன்மேல் ராணிபோல உட்கார்ந்திருந்தாள்.