கடுகு பேசிய ஒரு வரி

வாலு என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர். அந்தப் பெயருக்குக் கெடுதல் வராமல் அவளும் நடந்துகொண்டாள்.

அவளுடைய அண்ணன் ஒரு மென்பொருள் எழுதியிருந்தான். பெயர் கடுகு. கணினியில் கதை, கட்டுரை எழுதுவதற்கானது. அதில் படம் கிடையாது, விளம்பரம் கிடையாது. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும்தான் வரும். எவ்வளவு பழைய கணினியாக இருந்தாலும் கண் மூடித் திறப்பதற்குள் திறந்துவிடும். காசும் வேண்டாம். அதை எப்படி எழுதினான் என்பதையும் ஒளிக்காமல் இணையத்தில் போட்டிருந்தான். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை அவனுக்கே அனுப்பலாம்.

யாரும் அனுப்பவில்லை. வாலுவைத் தவிர வேறு யாரும் கடுகைத் தொட்டதாகவே தெரியவில்லை.

சித்தி ஒரு பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுப்பவர். அவருடைய பழைய மடிக்கணினியில் அண்ணன் கடுகைப் போட்டுக் கொடுத்தான். பக்கத்திலேயே நின்று, இதை அழுத்துங்க, அது இல்ல, இது என்று மூச்சு விடாமல் பேசினான். ரொம்ப நல்லா இருக்குடா என்றார் சித்தி. அடுத்த வாரம் பார்த்தால், புது நாடகத்தைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

அண்ணனுக்கு முகம் தொங்கிப்போனது. யாருக்கும் வேண்டாததை எதற்குச் செய்ய வேண்டும், கடுகை இத்தோடு மூட்டை கட்டிவிடுகிறேன் என்றான். வாலுவுக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. அவளுடைய பேய்க்கதைகள் எல்லாம் கடுகில்தான் பிறந்தன. அதைவிட, அண்ணன் இப்படிச் சோர்ந்து உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

"அண்ணா, சித்தி எழுதும்போது நீ பேசிட்டே இருந்தியே. அவங்க எங்க முழிக்கிறாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.



ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்தார். ஒரே ஒரு காட்சியைக் கடுகில் எழுதிக் காட்டும்படி வாலு கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தாள். அதற்கு முன்பே அண்ணன் வாயில் ஒரு பெரிய ஜவ்வு மிட்டாயைத் திணித்திருந்தாள். அது கரையும்வரை பேசக் கூடாது, கை இரண்டும் தொடைக்கு அடியில் இருக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

சித்தி எழுதினார், அழித்தார், தனக்குத் தானே சிரித்துக்கொண்டார். அண்ணன் நெளிந்தான். காட்சி முடிந்ததும் சித்தி சேமிக்கும் விசையை அழுத்தினார். திரையைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். பிறகு பையிலிருந்து மெதுவாகக் கைப்பேசியை எடுத்து, திரையைப் புகைப்படம் எடுத்தார். கீழே நகர்த்தி இன்னொன்றும் எடுத்தார்.

அண்ணனுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாலு அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளிவிட்டு, சித்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எதுக்கு சித்தி ஃபோட்டோ?"

சித்திக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எழுதினது பத்திரமா இருக்கான்னே தெரியலடி. நானும் அழுத்தி அழுத்திப் பாக்கறேன், அது பாட்டுக்கு உம்முனு இருக்கு. பிள்ளைங்க வசனம் தொலைஞ்சு போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? இதைச் சொன்னா இவன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் பேசாம காகிதத்துல எழுதிட்டேன்."

அண்ணன் மிட்டாயை அப்படியே விழுங்கினான். கடுகு தேவையில்லாமல் எதையும் சொல்லக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்றான்.

"சித்திக்குத் தேவைப்படுதே அண்ணா" என்றாள் வாலு.

அண்ணன் எழுந்து தன் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, சேமித்ததும் கடுகு சொல்ல வேண்டிய வரியை எந்த இடத்தில் எழுத வேண்டும் என்று காட்டினான். முதல் தடவை அவள் ஒரு மேற்கோள் குறியை விட்டுவிட்டாள். கடுகு திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. குறியைப் போட்டதும் சரியாகிவிட்டது.

சித்தி விசையை அழுத்தினார். திரையின் அடியில் ஒரு வரி வந்தது: 'பத்திரமாக இருக்கிறது.'

சித்தி அதை வாய்விட்டுப் படித்தார். பெருமூச்சு விட்டு மடிக்கணினியை மூடினார். பிறகு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டார்.

அதன் பிறகு சித்தி எல்லா நாடகத்தையும் கடுகில்தான் எழுதினார். உடன் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கும் கொடுத்தார். அவர்கள் வேறு யார் யாருக்கோ கொடுத்தார்கள். மூட்டை கட்டும் பேச்சை அண்ணன் எடுக்கவே இல்லை.

ஒருநாள் மாலை அண்ணன் அவளைக் கூப்பிட்டான். எங்கோ இருக்கும், முன்பின் தெரியாத ஒருவர் கடுகைத் திருத்தி அனுப்பியிருந்தார்.

"உன் வரியைத்தான் அவங்க மொழியில மாத்தியிருக்காங்க. எழுதினவ நீ. சேத்துக்கலாமான்னு நீதான் சொல்லணும்."

"முதல்ல அழுத்திப் பாக்கறேன்" என்றாள் வாலு.

பேய்க்கதையில் ஒரு வரி எழுதி, விசையை அழுத்தினாள். திரையின் அடியில் வளைந்து நெளிந்த எழுத்துகள் வந்து நின்றன. அதில் ஒரு எழுத்துகூட அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.