புறங்கை

புகையில் இன்றைக்கு இனிப்பு குறைவாக இருந்தது.

இருபது நாளாக வடிவேல் அந்தப் புகையைத்தான் தின்றுகொண்டிருந்தான். மெஷினிலிருந்து குழாய் வழியாக வரும் வெள்ளைப் புகை. வெல்லப்பாகு காய்ச்சுகிற பக்கம் போனது போல மெல்லிசாகத் தித்திக்கும், தொண்டையில் ஒட்டாமல் போய்விடும். இன்றைக்கு அந்தத் தித்திப்புக்கு அடியில் வேறொன்று படுத்திருந்தது.

டெல்லி விமான நிலையத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை. உள்ளே, இறக்கையும் வாலும் இல்லாமல் பாதி விமானத்தை அறுத்து வைத்தது போல ஒரு கூண்டு. பணிப்பெண் வேலைக்குச் சேருகிற பிள்ளைகள், பறக்கும்போது புகை வந்தால் என்ன செய்வதென்று அதில் பழகுவார்கள். சரோஜினி நகர் மார்க்கெட்டில் துணி மூட்டை தூக்கி முதுகு போன வடிவேலுக்கு இங்கே பயணி வேலை. கழிப்பறைக்குள் மாட்டிக்கொண்டவன் மாதிரி கதவைத் தட்டிக் கத்த வேண்டும்.

"எவ்ளோ கத்துறியோ அவ்ளோ நல்லதுப்பா," என்றார் மெஷின் பார்க்கும் ஜோதிலிங்கம். "போன வாரம் நீ கத்துனதுல ஒரு பொண்ணு அழுதுருச்சு. பாடம் நடத்துற மேடத்துக்கு ஒரே குஷி."

"இன்னிக்குக் கதவு சூடாண்ணே?"

"இல்ல. தகட்டை ஆன் பண்ணல. ரெண்டு நிமிஷத்துல இழுத்துப் போட்டுடுவாங்க. நான் ஒரு சாய் குடிச்சிட்டு வந்துடறேன்."

கழிப்பறைக் கதவுக்கு வெளியே தாழ் விழுந்தது.

கதவுக்குள் ஒரு தகடு உண்டு. சில நாள் ஜோதிலிங்கம் அதைச் சூடாக்குவார். பிள்ளைகள் முதலில் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சுடவில்லை என்றால் திறந்து ஆளை இழுக்கலாம். சுட்டால் திறக்கக் கூடாது. திறந்தால் தீ விமானம் முழுக்கப் பரவிவிடும். எந்த நாள் சூடு என்பது மேடத்துக்கே தெரியாது.

வடிவேல் மூக்கை உறிஞ்சினான். டெல்லி வந்த புதிதில் யமுனைக் கரையில் பழைய வயரைக் கொளுத்திச் செம்பு பிரித்தவன் அவன். கரியும் எண்ணெயும் கலந்து நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் அந்த நாற்றம் தூக்கத்திலும் அவனுக்குத் தெரியும். தலைக்கு மேலே, கூரைப் பலகைக்குப் பின்னால், எண்ணெயில் கடுகு விழுந்தது போல ஏதோ பொரிந்தது. நின்றது. மறுபடி பொரிந்தது.

சுவரில் சிவப்புப் பொத்தான் இருந்தது. நிஜமாகவே முடியாமல் போனால் அழுத்தச் சொல்லியிருந்தார்கள். மணி அடிக்கும், வகுப்பு நின்றுவிடும். அழுத்தியவனை மறுநாள் கூப்பிட மாட்டார்கள். வடிவேல் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். பலகையின் ஓரம் பழுப்பேறியது. அழுத்தினான்.

மணி அடிக்கவில்லை.

கூரையிலிருந்து கதவுச் சட்டத்துக்குள் இறங்கும் மணியின் வயர்தான் எரிந்துகொண்டிருந்தது.

வெளியே காலடிச் சத்தம். சிந்து. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் பெண். இந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். காலையில் பிஸ்கட் கொடுத்து, "இன்னிக்கு என் டர்ன் அங்கிள், என்னைப் பயமுறுத்தாதீங்க ப்ளீஸ்" என்று சொல்லியிருந்தாள். இந்தப் பரீட்சையில் பிள்ளைகள் எல்லார் தலையிலும் புகை மூடி மாட்டியிருக்கும். அதற்குள் எந்த நாற்றமும் ஏறாது.

"சிந்தும்மா, நிஜமா எரியுது. நடிப்பு இல்லம்மா. கதவைத் தொற."

காலடி கதவருகே நின்றது.

"மேம், நிஜ ஃபயர்னு சொல்றார்... அஸ்லி ஆக் போல் ரஹே ஹைன்."

தூரத்துக் கண்ணாடி அறையிலிருந்து ஜ்யோத்ஸ்னா மேடத்தின் சிரிப்பு ஒலிபெருக்கியில் கேட்டது. "அச்சா ஆக்டர் ஹை. டோர் செக் கரோ." நல்ல நடிகனாம்; கதவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

கதவின் அந்தப் பக்கம் ஒரு புறங்கை ஊர்ந்தது. கீழே. நடுவில். மேலே. வெடுக்கென்று விலகியது.

"சூடா இருக்கு... கரம் ஹை மேம். பஹுத் கரம்."

"தோ?" அப்படியானால் என்ன செய்வாய் என்று கேட்டது ஒலிபெருக்கி.

"திறக்கக் கூ... நஹீ கோல்னா, மேம்."

"வெரி குட்."

மற்ற பிள்ளைகள் கை தட்டினார்கள்.

வடிவேல் உதைத்தான். தோளால் இடித்தான். பலகை உருகிச் சொட்டியது. முதுகில். சட்டையோடு ஒட்டிக்கொண்டது. அவன் போட்ட சத்தம் அவனுக்கே யாருடையதோ போலிருந்தது. கைதட்டல் கூடியது.

கீழே. கீழேதான் காற்று. படுத்தான். கதவுக்கு அடியில் இரண்டு விரல் சந்து. வாயை வைத்தான். ஏசிக் காற்று. ஒரு மடக்கு. இன்னொன்று.

சந்தின் வெளிச்சத்தில் விரல்கள் வந்தன. நகப்பூச்சு போட்ட விரல்கள், ஈரத் துண்டோடு. திறக்கக் கூடாத கதவின் சந்தை அடைக்க வேண்டும். அதுவும் பாடத்தில் உண்டு.

ஒரு விரலைப் பிடித்துக்கொண்டான். பேச்சு வரவில்லை.

"விடுங்க அங்கிள்," என்றாள் சிந்து, மூடிக்குள்ளிருந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "எனக்கு மார்க் போயிடும்."

விரல் உருவிக்கொண்டது.

துண்டு இடது மூலையிலிருந்து வந்தது. நிதானமாக. மடிப்பு மடிப்பாக. சோப்பு வாசனை. அவன் உதட்டில் ஈரம் பட்டது, தாண்டிப் போனது. வலது மூலையில் ஒரு நகம் அளவுக்கு வெளிச்சம் மிச்சமிருந்தது. வாயை அங்கே இழுத்துக்கொண்டு போனான்.

அவள் அதையும் பார்த்துவிட்டாள்.