பச்சை விளக்கு வாங்கிய பொய்

"என் குரல் பொய் சொல்லுதாம் சார்" என்றார் வந்த பெண்மணி.

மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர் அவர். யாரோ இரவில் குளிர்பெட்டியை அணைத்துவிட, குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்து முழுவதும் பாழாகியிருந்தது. முதலாளியின் மைத்துனன், பேச்சைக் கேட்டே பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்து எல்லாரையும் விசாரித்தான். சிவப்பு விளக்கு எரிந்தது இவருக்கு மட்டும்தான். மாலைக்குள் போலீசில் புகார் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

துப்பறிவாளரை எல்லாரும் ‘நிதானம்’ என்பார்கள். உதவியாளனுக்கு ‘அவசரம்’ என்று பெயர் வைத்தது அவர்தான்.

"கருவியே சொல்லுதுன்னா..." என்று ஆரம்பித்தான் அவசரம்.

"வாயை மூடு. ஏம்மா, உங்களை எங்க வச்சுக் கேட்டாங்க?"

"மத்தவங்களை ஆபீஸ் ரூம்ல. என்னை மட்டும் குளிர்பெட்டிப் பக்கத்துல நின்னு போன்ல பேசச் சொன்னாங்க. சாவி என்கிட்ட ஒண்ணு, முதலாளி வீட்ல ஒண்ணு. ஆனா சுவிட்ச் இருக்கிற இடம் எனக்குத்தான் தெரியும்னு பழி."

மூவரும் கிடங்குக்குப் போனபோது, முதலாளியோடு நின்ற மைத்துனன் இளித்துக்கொண்டே வரவேற்றான். அந்தக் கருவியை விற்பவனும் அவனேதான்.

"நீங்களும் சோதனைக்கு உட்கார்ந்தீங்களா?"

"முதல் ஆளே நான்தான் சார். குளிர்பெட்டி ரூமுக்குள்ள காலே வச்சதில்லைன்னு சொன்னேன். பச்சை!"

நிதானம் கருவியைக் குளிர்பெட்டி அருகே இருந்த மேஜைமேல் வைக்கச் சொன்னார். "ரெண்டும் ரெண்டும் நாலுன்னு சொல்லுடா."

அவசரம் சொன்னான். சிவப்பு எரிந்தது. முதலாளியின் முகம் கறுத்தது.

"மோட்டார் சத்தத்துல அப்படித்தான் சார் காட்டும்" என்று பதறினான் மைத்துனன்.

"அப்போ அதை நிறுத்தலாமே?"

அவசரம் சுவரெல்லாம் சுவிட்சைத் தேடினான். கூரை வரை அட்டைப்பெட்டிகள்தான். மைத்துனன் பொறுமையிழந்து, மூலையில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கையை விட்டான். மோட்டார் நின்றது. "இப்போ சொல்லுங்க, பச்சை எரியும்!"

"எரியட்டும். காலே வைக்காத ரூம்ல கை மட்டும் எப்படித் தம்பி நேரா சுவிட்சுக்குப் போச்சு? முதலாளி வீட்டுச் சாவி உனக்கு எட்டாததா? சத்தத்துல சிவப்பு எரியும்னு தெரிஞ்சேதான் இவங்களை இங்க நிறுத்தினே. ஒரு குற்றம் நடந்து, அதை இது கண்டுபிடிச்சாத்தானே இந்தப் பெட்டி விலைபோகும்?"

மைத்துனன் தரையைப் பார்த்தான். அவசரம் போய் வாசலை மறித்து நின்றான். ஒரு பெட்டியை விற்கக் குழந்தைகளின் மருந்தை நாசம் செய்த ஜென்மம்! இந்தக் கருவியைப் பார்த்தா வாயைப் பிளந்தோம் என்று தன்மேலும் அருவருப்பு.

"ஆனா அவனுக்குப் பச்சை எரிஞ்சுதே!" என்றார் முதலாளி, இன்னமும்.

"எரிஞ்சுது. அதுதான் இதோட லட்சணம். புகார் எழுதியாச்சுல்ல? பேரை மட்டும் மாத்துங்க." நிதானம் மோட்டாரை மறுபடி ஓடவிட்டார்.

முதலாளி பொறுப்பாளர் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடும்மா. மனசாரச் சொல்றேன்."

மேஜைமேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இந்த ஒரு தடவை இது சொல்றதை நான் நம்புறேன் சார்" என்றார் பொறுப்பாளர். கிடங்குச் சாவியைக் கருவியின்மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.