நீர்மாலை

சித்திரை வெயிலில் ஆரியசாலையின் ஓடுகளெல்லாம் கொதிக்கிற பிற்பகல் இரண்டு மணிக்கு, மாடிவீட்டுக் குழாயில் வெந்நீர்தான் வரும். அன்று பாத்திரம் கழுவக் கை நீட்டிய இசக்கிசெல்விக்குக் குளிரில் விரல்கள் மரத்துப்போயின.

கீழ்வீட்டு மலையாளத்துக்காரி ரெஷ்மா வந்து தொட்டுப் பார்த்தாள்.

“எங்க பைப்புல வெள்ளம் சூடாயிட்டல்லோ வருது, செல்வி. ஒரே டேங்க்தானே?” என்றவள், கையைத் துடைத்துக்கொண்டு வேகமாகப் படியிறங்கினாள்.

சட்டியின் அடியில் சாம்பல் நிற வண்டல் படிந்தது. குழாயில் வரும் கரமனையாற்று நீரில் மழைக்காலத்தில் செம்மண் வரும்; இதுவோ அரைத்த மாவுபோல வழுவழுத்தது. செல்விக்கு இது என்னவென்று தெரியும். இமயமலையில் சுரங்க வேலைக்குப் போன கணவன் தங்கபாண்டி போனில் சொல்லியிருந்தான். “இங்க பனிக்கட்டி நகர்ந்து நகர்ந்து பாறையவே மாவா அரைச்சிருது புள்ள. ஆறே சாம்பலாத்தான் ஓடுது.”

அந்தப் பனிமலை உடைந்து ஆறு அவனைக் கொண்டுபோய் நாற்பது நாள் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை. பிணத்தைக் குளிப்பாட்ட ஆற்றில் எடுக்க வேண்டிய நீர்மாலைத் தண்ணீரை, ஊரிலிருந்து வந்த கொழுந்தன் தளவாய் இந்தக் குழாயிலேயே பிடித்து, உடலுக்குப் பதிலாக அண்ணன் சட்டைமேல் ஊற்றினான். “எல்லாம் ஆத்துத் தண்ணிதான மைனி” என்றான். அவனுக்கு பஸ் பிடிக்கிற அவசரம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

செல்வியும் தடுக்கவில்லை. தண்ணீர் விழும்போது, ‘பிள்ளை தேடுது, எப்படியாவது வந்துருங்க’ என்று மனசுக்குள் கூப்பிட்டாள்.

இப்போது குழாயை மூடினாள். தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. குளியலறையிலிருந்து வந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் கிடந்தது. அதுதான் அவளை நடுக்கியது.

சற்று முன்வரை பாயில் மகள் நீது தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது. செல்வி திரும்பிப் பார்த்தாள்.

பாய் காலி.

“நீது.”

குளியலறைக் கதவிடுக்கில் ஈரக்கல்லின் வாடை. தள்ளினாள். கனத்தது. மறுபடி தள்ளினாள்.

திறந்தது.

தரையெங்கும் சாம்பல் வண்டல். ஒருக்களித்துப் படுத்த ஆளாக அது திரண்டிருந்தது. தங்கபாண்டி தூங்குகிற மாதிரியே ஒரு முழங்கால் மடங்கியிருந்தது. அதன் மார்பில் முகம் புதைத்து நீது கிடந்தாள். முடியில் உறைபனி. அத்தனை குளிரிலும் அவள் மூக்கருகே மூச்சின் ஆவி எழவில்லை.

வண்டல் கை ஒன்று குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்தது.

மற்றொரு கை, பக்கத்தில் கொஞ்சம் தரையைத் தடவி, செல்விக்கு இடம் ஒதுக்கியது.