தியாகி குடித்த தண்ணீர்

“தண்ணி படக் கூடாது! ஒரு சொட்டுகூடப் படக் கூடாது!”

இமாம் ஹுலுசி போட்ட கூச்சலில் பள்ளிவாசல் முற்றத்துப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின.

கல்மேடையில் மேயர் ஃபெரிதுன் கிடந்தார். மேலே சிவப்புக் கொடி. உள்ளே நேற்றுப் போட்ட அதே கோட்டு சூட்டு. அதற்கும் உள்ளே... உயிர் இல்லை!

கையில் வாளியோடு நின்ற குளிப்பாட்டும் ஆள் மிரண்டான்.

“ஏன் ஹோஜா? மய்யித்துன்னா குளிப்பாட்டித்தானே...”

“இவர் சாதாரண மய்யித்தாடா? ஷஹீத்! சண்டையில உயிரைக் குடுத்த தியாகி! ரத்தத்தோட, உடுத்தின துணியோட, அப்படியே மண்ணுக்குள்ள வைக்கணும். வாளியை எடுத்துட்டுப் போ!”

கூட்டம் ‘அல்லாஹு அக்பர்’ என்று முழங்கியது.

இன்ஸ்பெக்டர் ஜெவ்தெத் மட்டும் முழங்கவில்லை. அவர் வாயில் எள் தூவிய ரொட்டி வளையம் பாதி இருந்தது. கண் மட்டும் கொடியின் விளிம்பில் இருந்தது.

நெஞ்சில் குண்டு வாங்கிய மனிதர் என்றுதான் ஊரே சொன்னது. ஆனால் விலகிய கொடிக்குள் தெரிந்த வெள்ளைச் சட்டை... நெஞ்சுப் பக்கம் சலவைக்காரன் கொடுத்த மடிப்புக் கலையாமல் இருந்தது!

முந்தின நாள் அங்காராவில் சில ஜெனரல்கள் நாட்டைப் பிடிக்கப் பார்த்தார்கள். டாங்கி, ஹெலிகாப்டர், டிவியில் அறிக்கை, எல்லாம் உண்டு. இந்தச் சாரிகுயு ஊருக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு லாரி. அதில் ஒன்பது சிப்பாய்கள். நகராட்சி வாசலில் டீசல் தீர்ந்து நின்றுவிட்டது.

மினாரா ஒலிபெருக்கியில் இமாம் ஸலா ஓதினார். இறந்தவர்களுக்காக ஓதுகிற ஓதல். அதைக் கேட்டு உயிரோடிருந்தவர்கள் எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அடித்த கூட்டமும் இறைவன் பெயரைச் சொன்னது. அடி வாங்கிய சிப்பாய்களும் அதே பெயரைத்தான் சொன்னார்கள். இரண்டு மனுவும் ஒரே ஆபீசுக்குப் போனதில் மேலே கொஞ்சம் குழப்பம் நடந்திருக்கும்.

புரட்சி முடிந்தபோது சிகரெட் கடைக்காரர் ஷட்டரை முழுசாக இறக்கிக்கூட முடிக்கவில்லை.

அப்புறம்தான் நகராட்சிப் பின்வாசலில் மேயரின் உடல் கிடைத்தது. பக்கத்தில் அழுதுகொண்டிருந்த துணை மேயர் ஷாகிர், சுட்டது வெய்செல் என்ற சிப்பாய்தான் என்று கை காட்டினார்.

போன் அலறியது. மாவட்டக் கவர்னர்!

“ஜெவ்தெத்! அந்தச் சிப்பாய்ப் பய ஒத்துக்கிட்டானா?”

“இல்ல சார். வெய்செல் துப்பாக்கியில காலியானது ஒரே குண்டு. அது முன்வாசல் தகரக் கூரையில செருகிக்கிட்டு இருக்கு. நானே ஏணி வச்சு ஏறிப் பாத்தேன். மேயர் செத்தது பின்வாசல்ல.”

“தகரம் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லுமா?”

“போஸ்ட்மார்ட்டம் பண்ணிட்டா...”

“யார் கையெழுத்து போடுவா?”

“அரசு வக்கீல்.”

“அவரைக் காலையிலேயே உள்ள தூக்கிப் போட்டாச்சு.”

“டாக்டர்?”

“அவரையும்! புரட்சின்னு போன் பண்ணிச் சொன்னதுக்கு ‘அப்படியா?’ன்னு கேட்டாராம். அந்த ‘அப்படியா’வுல ஒரு சந்தோஷம் இருந்துச்சாம்.”

ஜெவ்தெத் மீதி எள் வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“கேட்டுக்கோ ஜெவ்தெத். மதியத் தொழுகை... அடக்கம்... அது முடிஞ்ச கையோட பையனை வேன்ல ஏத்தி அங்காராவுக்கு அனுப்பு. சந்தை வீதி வழியா.”

“சந்தை வீதியிலதான் சார் கூட்டம் நிக்குது. கையில கயிறு வச்சிருக்காங்க!”

“தெரியும்பா. அதான் கம்பி போடாத கண்ணாடி வேனா பாத்து அனுப்பியிருக்கேன்.”

லைன் கட்!

லாக்கப்பில் வெய்செல் சுவரோடு சுவராக ஒட்டிக்கிடந்தான். இருபது வயது. ஒரு காது கூட்டத்தின் கையோடு போயிருந்தது. முதுகில் பெல்ட் தடங்கள்.

“ஒத்திகைன்னு சொன்னாங்க சார்... லாரியில ஏறுன்னாங்க, ஏறினேன். எல்லாரும் ஓடி வந்தாங்க. பயத்துல வானத்தைப் பாத்து ஒண்ணு வெடிச்சுட்டேன். மேயர்னா யாருன்னே எனக்குத் தெரியாது சார்!”

“தெரிஞ்சிருந்தா நீயே சுட்டிருப்பே!” என்றார் ஏட்டு தூர்சுன், சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பியபடி. “சார், இவன் அங்காரா போய்ச் சேருவான்னு நெனைக்கிறீங்க?”

“சந்தையத் தாண்ட மாட்டான்.”

“அப்ப மத்தியான சாப்பாடு போடணுமா, வேணாமா?”

ஜெவ்தெத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவருக்குத் தேவை ஒன்றே ஒன்று. அந்த முதுகைப் பார்க்க வேண்டும். மேயரின் முதுகை! மண் மூடுவதற்குள்!

முற்றத்தில் டிவிக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். ஷாகிர் மைக்கைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார். இது நாலாவது சேனல்.

முதல் சேனலில் மேயர் ஷாகிரின் மடியில் சாய்ந்து கலிமா சொல்லி உயிரை விட்டார். இரண்டாவது சேனலில் ஒரு வாய் தண்ணீர் கேட்டார். மூன்றாவதில் ஒரு தம்ளர். நாலாவதில்...

“மோர் கேட்டார்!” ஷாகிர் விம்மினார். “‘ஷாகிர், தொண்டை காயுதுப்பா, கொஞ்சம் மோர் குடு’ன்னார். என் கையால குடுத்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சார்! ‘இனிமே நாற்காலி உன்னுது. பஸ் ஸ்டாண்டு டெண்டரை மட்டும் இழுத்தடிக்காதே’ன்னார். அப்படியே கண்ண மூடினார்!”

பேட்டியெடுத்த பெண் கண்ணைத் துடைத்தாள்.

ஜெவ்தெத்துக்குச் சட்டென்று ஏதோ உறைத்தது. சின்ன வயதில் இமாம் பள்ளியில் இரண்டு வருடம் உட்கார்ந்துவிட்டு ஓடிவந்தவர் அவர். ஓடும்போது ஒன்றிரண்டு பாடங்கள் காலில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன.

நேராகக் கேமராவுக்கு முன்னால் போய் நின்றார்.

“ஹோஜா! ஒரு சின்ன மார்க்கச் சந்தேகம்.”

இமாம் ஹுலுசி தலைப்பாகையைச் சரி செய்துகொண்டார். நேரலை. நாடே பார்க்கிறது. சந்தேகம் கேட்டால் சொல்லாமல் விடுவாரா?

“கேளுங்க இன்ஸ்பெக்டர்.”

“சண்டையில காயம்பட்ட ஒருத்தர் உடனே சாகல. தண்ணியோ மோரோ குடிக்கிறார். சொத்து, பதவின்னு உலக விஷயம் பேசுறார். அப்புறம்தான் சாகுறார். அவரைக் குளிப்பாட்டணுமா, வேணாமா?”

“அருமையான கேள்வி!” இமாம் மலர்ந்தார். “நம்ம ஹனஃபி சட்டத்துல இது ரொம்பத் தெளிவா இருக்கு. அவருக்கு மறுமையில ஷஹீத் அந்தஸ்து உண்டு. ஆனா காயத்துக்கு அப்புறம் உலக சுகத்தை அனுபவிச்சுட்டதால, இங்க மத்தவங்க மாதிரி அவரையும் கண்டிப்பா குளிப்பாட்டி...”

இமாமின் வாய் திறந்தபடியே நின்றது.

ஷாகிரின் அழுகை டக்கென்று நின்றது!

“ஹோஜா... ஒரு வாய்தான்!” என்றார் ஷாகிர்.

“ஒரு வாயும் குடிச்சதுதானே!” என்றார் ஜெவ்தெத்.

“குடிக்கல! வாய நனைச்சுட்டுத் துப்பிட்டார்!”

“கடைசிச் சொட்டு வரைக்கும்னு சொன்னீங்களே அண்ணே!”

“அது... துக்கத்துல வந்த வார்த்தை!”

“டெண்டரும் துக்கத்துல வந்ததுதானா?”

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: “மேயரைக் குளிப்பாட்டாம அழுக்கோட அனுப்பப் பாக்குறாங்கடா!” 

அவ்வளவுதான். ‘குளிப்பாட்டு! குளிப்பாட்டு!’ என்று முற்றம் அதிர்ந்தது. காலையில் வாளியைப் பார்த்து முறைத்த அதே கூட்டம் இப்போது ஆளுக்கொரு வாளியோடு ஓடி வந்தது.

குளியலறைக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே இமாம், குளிப்பாட்டும் ஆள், ஜெவ்தெத்.

கோட்டைக் கழற்றினார்கள். உடலைப் புரட்டினார்கள்.

“யா அல்லாஹ்!”

இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு பிளவு. அகலமான பிளவு. குண்டு போட்ட ஓட்டை இல்லை!

“சார்... காயத்துக்குள்ள என்னமோ மினுக்குது!”

ஜெவ்தெத் கைக்குட்டையால் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பொடிப் பொடியாய்... தங்க முலாம்!

சாரிகுயுவில் குத்துகிற மாதிரி இருந்த தங்க முலாம் பூசிய பொருள் ஒன்றுதான். நகராட்சியின் திறப்புவிழாக் கத்தரிக்கோல்! மேயர் ரிப்பன் வெட்டுவார். பக்கத்தில் வெல்வெட் தட்டை ஏந்தி நிற்பவர்...

துணை மேயர் ஷாகிர்!

ஏட்டு தூர்சுன் ஷாகிரின் மேஜை டிராயரை உடைத்தபோது கத்தரிக்கோல் அதற்குள்தான் இருந்தது. துடைத்திருந்தார்கள். அவசரத்தில் துடைத்ததில் திருகாணி இடுக்கில் ரத்தம் காய்ந்திருந்தது.

ஸ்டேஷனில் ஷாகிர் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கவில்லை.

“பன்னெண்டு வருஷம் சார்! பன்னெண்டு வருஷமா தட்டு ஏந்தினேன்! பாலம் திறந்தான், பூங்கா திறந்தான். ஒரு நாளாவது, ஒரு பொதுக் கக்கூஸ் ரிப்பனையாவது ‘ஷாகிர், நீ வெட்டு’ன்னு சொன்னானா? நேத்து ஊரே முன்வாசல்ல கத்திக்கிட்டு இருக்கு. இவன் பின்வாசல்ல சுவர் ஓரமா ஒளிஞ்சுக்கிட்டு எங்கிட்ட ‘கூட்டம் ஜெயிச்சா சொல்லு, வந்து பேசுறேன்’ங்கிறான். கத்தரிக்கோல் கைப்பையில இருந்துச்சு. கை தானா போச்சு...”

“பழியைத் தூக்கி இருபது வயசுப் பையன் மேல போட்டுட்டே!”

“யாரோ எவனோ ஒரு சிப்பாய்தானே சார்!”

ஜெவ்தெத் நிம்மதியாக மூச்சு விட்டார். பையன் பிழைத்தான்!

கதவு திறந்தது. உள்ளே வந்தவர் கவர்னர். பின்னால் முகம் வெளுத்த இமாம்.

கவர்னர் கத்தரிக்கோலைப் பார்த்தார். ஷாகிரைப் பார்த்தார். டீ கொண்டுவரச் சொன்னார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஷாகிர்! நம்ம ஊர்லருந்து ஒரு தியாகின்னு அங்காராவுக்கு எழுதியாச்சு. அந்தத் தியாகியை நீ கத்தரிக்கோலால குத்தியிருக்கே. நான் இப்ப என்னய்யா எழுதறது?”

“மன்னிச்சுருங்க சார்...”

“அழாம யோசிச்சுப் பதில் சொல்லு. அப்போ மேயர் கையில ஏதாவது சாவி இருந்துச்சா?”

“வீட்டுச் சாவி இருந்திருக்கும் சார்...”

“நகராட்சிச் சாவி!”

ஷாகிர் கண்ணை இமைத்தார்.

“...ஆமா சார். நகராட்சிச் சாவி.”

“ஊரே முன்னால சண்டை போடறப்போ, பின்வாசல்ல சாவியோட நின்னது எதுக்கு? யாருக்குக் குடுக்க?”

“சி... சிப்பாய்ங்களுக்கு!”

“அதைப் பாத்து உன் ரத்தம் கொதிச்சுது.”

“கொதிச்சுது சார்! பயங்கரமா கொதிச்சுது!”

“சார்!” ஜெவ்தெத் மேஜையைத் தட்டினார். “இது பச்சைக் கொலை! இப்பதான் எங்கிட்ட ரிப்பனுக்காகக் குத்தினேன்னு சொன்னான்!”

“புரட்சியை அடக்கறப்போ ஜனங்க என்ன செஞ்சிருந்தாலும் கேஸ் கிடையாதுன்னு இன்னிக்கு மேலிடத்து உத்தரவு வந்திருக்கு. ஷாகிர்தான் குத்தினார்னு நிரூபிச்சது யாரு? நீதானே ஜெவ்தெத்! முலாம், ரத்தம், திருகாணின்னு துல்லியமா நிரூபிச்சிருக்கே. நீ மட்டும் இல்லேன்னா இந்த ஊருக்கு ஒரு வீரன் இருக்கிறதே தெரியாமப் போயிருக்கும். உனக்கும் மெடலுக்கு எழுதறேன்.”

ஷாகிருக்கு விலங்கு கழன்றது. டீ வந்தது. முதல் தம்ளர் அவருக்கே.

“ஹோஜா, துரோகிக்கு என்ன முறை?” என்றார் கவர்னர்.

இமாம் தடுமாறினார். “தொழுகை இல்ல, தோள்ல தூக்குறது இல்ல... குளிப்பாட்டுறதும் இல்ல. ஆனா சார்... நான் அவரைக் குளிப்பாட்டி முடிச்சுட்டேனே! அதைத் திருப்பி எடுக்க முடியாதே!”

“கொஞ்சம் மண்ணைத் தடவி விடுங்க.”

மதியத்துக்குள் கொடியை உருவி எடுத்துவிட்டார்கள். மேயர் ஃபெரிதுன் நகராட்சிக் குப்பை லாரியில் குப்பைக் கிடங்குக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தார். காலையில் அழுத கூட்டம் வழியெல்லாம் லாரி மேல் செருப்பு வீசியது. நேரலையில் இமாம் துரோகிகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். ஷாகிர் கத்தரிக்கோலை உயர்த்திக் காட்டினார்.

அப்போதும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கண்ணாடி வேன் உறுமிக்கொண்டே நின்றது.

“இன்னும் ஏன் சார் வேன்?” ஜெவ்தெத்தின் குரல் உடைந்தது. “அந்தப் பையன்தான் யாரையும் கொல்லலையே!”

“அதான்யா சிக்கலே!” கவர்னர் கையுறையை மாட்டிக்கொண்டார். “மேயர் சாவி குடுக்கப் போனான். வாங்கிக்க ஒருத்தன் வேணாமா? ஏத்து அவனை. சந்தை வீதி!”

தூர்சுன் வெய்செலை இழுத்து வந்து வேன் படியில் நிறுத்தினார். தெருமுனையில் கூட்டம் கயிற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

பையன் ஜெவ்தெத்தின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

“சார்! நான் கொல்லலேன்னு கண்டுபிடிச்சுட்டீங்கன்னு ஏட்டு சொன்னாரே! அப்புறம் எந்தக் கேஸுக்கு சார் என்னை ஏத்துறாங்க?”

தூர்சுன் பையனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியபடி சொன்னார்:

“நல்லவனைக் கொன்ன கேஸ்ல நீ நிரபராதிடா தம்பி... இது கெட்டவனைக் கொல்லாம விட்ட கேஸ்!”